நிற்கத் தெரிந்த வண்டி

மோட்டார் வண்டி வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் நாம் எல்லாரும் அறிந்தவையே. மணிக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓடும்? ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு தூரம் போகும்? எத்தனை பேர் தாராளமாக உட்காரலாம்? வண்டியின் நிறத்தைப் பற்றிக்கூட வீட்டார் அனைவரும் கூடி மணிக்கணக்காக விவாதிப்பதுண்டு. ஆனால், "இந்த வண்டி எப்படி நிற்கும்?" என்று கேட்டவர் ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை. ஓடுவதற்குத்தான் சாமர்த்தியம் வேண்டும், நிற்பது தானாக நடக்கிற காரியம் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மை இதற்கு நேர் மாறானது. ஓடாத வண்டியால் யாருக்கும் தீங்கில்லை. கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும், அவ்வளவுதான். நிற்காத வண்டியோ தன்னையும் கெடுத்து, ஏறியவனையும் கெடுத்து, வழியே போகிறவனையும் கெடுத்துவிடும்.

பழைய வண்டிகளுக்கு இந்த உண்மை இரட்டிப்பாகப் பொருந்தும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பழைய வண்டி இருக்கிறது. 1964-ம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, வெண்ணெய் நிறம். வெள்ளத்தில் நின்று மீண்ட அந்த வண்டியின் பிரேக்கையும் கிளச்சையும் புதுப்பித்த விவரத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். யந்திர விஷயம் என்றதும் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் விளக்கெண்ணெயும் வருகிறது. ஆகவே பாட்டிமார்களுக்கும் சம்பந்தமுள்ள சமாசாரந்தான்.

முதலில் வண்டியின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹெரால்டு என்பது இங்கிலாந்தில் 1959-ம் வருஷம் டிரயம்ஃப் என்ற பெயருடன் வெளிவந்த சிறிய கார். அதன் உருவத்தை வகுத்தவர் மிக்கெலொட்டி என்னும் இத்தாலியர். 1948-ல் சென்னையில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த தன் தொழிற்சாலையில் 1961 முதல் இந்த வண்டியைச் செய்து விற்கத் தொடங்கியது. அந்த நாளில் கல்கத்தாவுக்கு அம்பாஸிடர், பம்பாய்க்குப் பியட் என்றால், நம் சென்னைக்கு ஹெரால்டு. 948 கன சென்டிமீட்டர் எஞ்சின். முன்மூடியைத் தூக்கினால் இரண்டு பக்கத்து மட்காப்புகளும் சேர்ந்து முழு மூக்கும் முன்னால் சாய்ந்து கொடுக்கும். வேலை செய்கிறவன் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து கொண்டு எஞ்சினைப் பார்க்கலாம். இதைவிடச் சௌகரியம் வேறு என்ன வேண்டும்? 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டு நின்றது. அதன் வாரிசாக வந்த கெஸல் என்ற வண்டியும் 1977-ல் நின்று போயிற்று. பிறகு அந்தக் கம்பெனியும் மறைந்தது.

எங்கள் தகப்பனார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1972-ல் இந்த வண்டியை ஒருவரிடமிருந்து இரண்டாங் கையாக வாங்கினார். 1980-களில் மணலி புதுநகரில் மனை கிடைத்துக் குடும்பம் இங்கே வந்தபோது, வீட்டுக்கு முன்பே வண்டிக்குக் கொட்டகை போட்டவர் அவர். அவர் காலமான பின்னும் வண்டி வீட்டில் ஒரு மனிதர் போலவே இருந்து வந்தது. தை மாதத்தில் மாலை போடுவோம். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவைத் திருவொற்றியூர்க் கோயிலுக்கு அழைத்துப் போவோம்.

2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயலுடன் பெய்த மழையில் மணலி புதுநகர் பட்ட பாட்டைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் கொசஸ்தலையாறு, மறு பக்கம் உபரி நீர்க் கால்வாய்கள், மேலே வானம். எல்லாருக்கும் எங்கள் ஊர்மேல்தான் பிரியம். எங்கள் தெருவில் தண்ணீர் வண்டியின் சக்கர அச்சுக்கு மேல் ஏறி, நான்கு நாட்கள் இறங்காமல் நின்றது. வெறுந் தண்ணீர் அல்ல. சேறும் எண்ணெய்ப் பசையும் கலந்த தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால், கதவின் பாதியில் கறுப்பாக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவைதான் பிரேக்கும் கிளச்சும்.

"பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்று பலரும் யோசனை சொன்னார்கள். அம்மா மட்டும், "உங்கப்பா வாங்கினது ஓடினா ஓடட்டும், இல்லேன்னா நிக்கட்டும். விக்கிறதுங்கிற பேச்சு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். ஓடட்டும், நிற்கட்டும் என்று அம்மா சொன்ன இரண்டு காரியங்களில் பின்னது எவ்வளவு பெரிய காரியம் என்பது அப்போது எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை.

நான் வெளியூர் சென்றிருந்த சமயம், என் மைத்துனர் வண்டியைத் துடைத்து, பாட்டரி மாற்றி, எஞ்சினையும் ஓட வைத்துவிட்டார். அவருடைய முயற்சியைப் பாராட்டத்தான் வேண்டும். பிரேக் மிதி மட்டும் கொஞ்சம் ஆழமாகப் போகிறது என்று ஒரு பட்டறைக்குக் கொண்டு போனார். அங்கே இருந்தவர் முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கு" என்றார். குறைந்ததை நிரப்ப வேண்டியதுதானே? எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய் டப்பா ஒன்று கைக்கு அருகில் இருந்தது. அதிலிருந்து ஊற்றி மூடிவிட்டார்.

ஒரு வாரம் பிரேக் அற்புதமாகப் பிடித்தது என்று மைத்துனர் சொல்கிறார். அதற்கப்புறம் பிடித்த பிடியை விடவில்லை. காலை எடுத்த பிறகும் சக்கரம் இறுகியே இருந்தது. டிரம்மின் மேல் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாயிற்று. பத்தாம் நாள் காலையில் மைத்துனர் என் பெண்ணைக் காலேஜுக்கு அழைத்துக் கொண்டு பொன்னேரி நெடுஞ்சாலையில் போனார். எங்கள் பக்கத்துச் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ரயில் வண்டியைப் போல் தொடர்ந்து நிற்கும். முன்னால் போன லாரி நின்றது. மைத்துனர் பிரேக்கை மிதித்தார். மிதி ஓசையில்லாமல் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. நல்ல வேளையாகக் கைப்பிரேக் கம்பியால் இழுப்பது. அதற்குத் திரவம் வேண்டியதில்லை. அதை இழுத்துப் பிடித்ததில், லாரியின் பின்புறத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. "மாமா, இனிமே பஸ்ஸிலேயே போறேன்" என்று என் பெண் இறங்கி நடந்துவிட்டாள். நான் ஊரிலிருந்து வந்து கேட்ட முதல் செய்தி இதுதான்.

அப்படியானால் பிரேக்குக்குள் நடப்பது என்ன? பழங்காலத்து மோட்டார்களில் மிதியிலிருந்து சக்கரம் வரையில் இரும்புக் கம்பிகளும் சங்கிலிகளுமே பிரேக்கை இழுத்தன. நான்கு சக்கரத்தையும் ஒரே அளவாக இழுக்க அவற்றால் முடிவதில்லை. ஒரு பக்கம் முந்திக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். இதற்குப் பரிகாரம் திரவத்தில் இருந்தது. ஒரு பாத்திரத்தில் அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அமுக்கினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்று 17-ம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டு சொன்னார். பீச்சாங்குழல் வைத்து விளையாடிய குழந்தைகளுக்கு இதில் பாதி தெரியும். மால்கம் லாகீட் என்ற அமெரிக்கர் 1917-ல் இந்தத் தத்துவத்தை மோட்டார் பிரேக்குக்குப் பயன்படுத்திக் காப்புரிமை பெற்றார். 1921-ல் டூசன்பர்க் என்ற காரில் நான்கு சக்கரங்களுக்கும் திரவப் பிரேக் வந்தது. முதலில் உருளைக்குள் பதனிடாத தோலால் செய்த கிண்ணங்களை வைத்தார்கள், அவை ஒழுகின. 1924-ல் வெளிவந்த கிரைஸ்லர் காரில் ரப்பர்க் கிண்ணங்களை வைத்த பிறகுதான் ஒழுக்கு நின்றது. அன்று முதல் இன்று வரை திரவப் பிரேக்கின் உயிர் அந்த ரப்பரில் இருக்கிறது.

கம்பி யுகம் ஒரே நாளில் முடிந்து போய்விடவில்லை. எங்கள் ஊருக்கு அடுத்த எண்ணூரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. சுதந்திரம் வந்த மறு வருஷமான 1948-ல் ஏற்பட்ட அசோக் மோட்டார்ஸ் கம்பெனி, 1949 முதல் அங்கே ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி வெளியிட்டது. அந்தக் காருக்கு முன்சக்கரங்களில் திரவப் பிரேக். பின்சக்கரங்களில் கம்பிப் பிரேக். பாதி புதுமை, பாதி பழமை! அந்தக் கம்பெனிதான் 1955-ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறி, லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பேர் பெற்றது.

ஹெரால்டில் முழுவதும் திரவம். மிதியை அமுக்கினால், முன்பக்கத்துச் சுவரில் பொருத்திய மாஸ்டர் சிலிண்டர் என்னும் உருளைக்குள் ஒரு தண்டு நகர்ந்து திரவத்தைத் தள்ளுகிறது. திரவம் மெல்லிய எஃகுக் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போய், அங்கேயுள்ள சிறிய உருளைகளின் தண்டுகளைத் தள்ளுகிறது. அவை பிரேக் கட்டைகளை டிரம்மின் மேல் அமுக்குகின்றன, வண்டி நிற்கிறது. கிளச்சுக்கும் இதே ஏற்பாடுதான். அதற்குத் தனியாக ஒரு மாஸ்டர் சிலிண்டர். கியர்ப் பெட்டியின் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டர் என்று இன்னொன்று. எஜமான், அடிமை என்று வெள்ளைக்காரர்கள் உருளைக்குக்கூடப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் எஜமான் எவ்வளவுதான் அமுக்கினாலும், நடுவில் கொஞ்சம் காற்றுப் புகுந்துவிட்டால் அடிமை அசைந்து கொடுப்பதில்லை. இந்தப் பாடத்தை நம் தேசத்திலும் அவர்கள் கற்றுக் கொண்டுதான் போனார்கள்.

இனி, விளக்கெண்ணெய்க்கு வருவோம். பட்டறைக்காரர் செய்த காரியத்துக்கு மூல காரணம் ஒரு பெயர். நாம் எல்லாரும் அந்தத் திரவத்தைப் "பிரேக் ஆயில்" என்கிறோம். கடைக்காரர் சொல்கிறார், மெக்கானிக் சொல்கிறார், நாமும் சொல்கிறோம். ஆனால் அது ஆயில் அல்ல. எண்ணெய் இனத்தோடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒரு காலத்தில் உறவு இருந்தது வாஸ்தவம். ஆரம்ப நாட்களில் திரவப் பிரேக்குகளில் ஊற்றியது ஆமணக்கு எண்ணெயும் சாராய வகையும் கலந்த கலவைதான். வயிற்றைச் சுத்தம் செய்வதற்குப் பாட்டி கொடுக்கும் அதே விளக்கெண்ணெய்! ரப்பருக்கு அது தீங்கு செய்வதில்லை. அதனால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு வண்டிகளின் வேகம் கூடி, பிரேக்கின் சூடும் கூடியபோது, கிளைக்கால் இனத்துத் திரவங்கள் அந்த இடத்துக்கு வந்தன. விளக்கெண்ணெய் போயிற்று, ஆயில் என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பூமியிலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயோ ரப்பருக்கு ஜன்ம விரோதி. அது பட்டால் பிரேக்கின் ரப்பர்க் கிண்ணம் ஊறி, உப்பி, கூழாகிவிடும். எங்கள் மணலியில் 1969 முதல் இயங்கி வரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், எஞ்சின் எண்ணெய்க்கு அடிப்படையான எண்ணெயும் வடித்தெடுக்கப்படுகிறது. அதே மணலியில் இன்னொரு தொழிற்சாலையில் கிளைக்கால் குடும்பத்தைச் சேர்ந்த புரொபிலீன் கிளைக்காலும் தயாராகிறது. இரண்டு இனமும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. ஆனால் எஞ்சினுக்கு அமிர்தமானது பிரேக்குக்கு விஷம். ஊர் ஒன்று என்பதற்காக ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்க முடியுமா?

வண்டியைப் பார்க்க ராயபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதிருக்கும். எங்கள் தகப்பனார் காலத்திலேயே இந்த வண்டியைத் தொட்டவர். எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைப்போம். அவர் எஞ்சின் பக்கமே போகவில்லை. மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்து, விரலைத் தோய்த்து, பெருவிரலோடு தேய்த்துப் பார்த்தார்; முகர்ந்தார். பிறகு ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கி, திரவத்தில் இரண்டு சொட்டு அதில் விட்டார். உண்மையான பிரேக் திரவமாக இருந்தால் நீரில் கலந்து மறைந்துவிடும். இதுவோ எண்ணெய்த் துளியாக மேலே மிதந்தது.

"சார், இனிமே வண்டியிலே இருக்கிற ஒரு ரப்பரும் உதவாது" என்றார் பாய்.

ஒவ்வொன்றாகக் கழற்றினோம். மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் உப்பிப் போய், தண்டு முழுவதும் திரும்பி வர முடியாமல் மாட்டிக் கொண்டிருந்தது. தண்டு முழுவதும் பின்னால் வந்தால்தான் உள்ளிருக்கும் வால்வு திறந்து, அழுத்தம் மேலே உள்ள கிண்ணத்துக்குத் திரும்பும். அது திரும்பாததால்தான் பிரேக் பிடித்த பிடியை விடவில்லை. பின்சக்கரத்து உருளை ஒன்றில் வெள்ளத் தண்ணீர் செய்த வேலை தெரிந்தது. உட்சுவரில் துரு அரித்து அம்மைத் தழும்பு போலப் பள்ளங்கள். உப்பின ரப்பர் அந்தப் பள்ளங்களில் உரசிக் கிழிந்திருந்தது. பொன்னேரி சாலையில் மிதி தரையில் படுத்ததற்கு இதுவே காரணம்.

இங்கே ஒரு தர்க்கம் எழுந்தது. "ஒழுகினது ஒரு சிலிண்டர்தானே, பாய்? அதை மட்டும் மாற்றிவிட்டால் போதாதா? மற்றவை நன்றாகத்தானே இருக்கின்றன?" என்று மைத்துனர் கேட்டார். கேள்வி நியாயமானதாகவே பட்டது. செலவு குறையும் அல்லவா?

பாய் தரையில் உட்கார்ந்து, சுண்ணாம்புக் கட்டியால் ஒரு படம் போட்டார். ஒரு தண்டு, அதிலிருந்து நான்கு கிளை. "இந்த வண்டிக்கு லைன் ஒண்ணுதான் சார். இப்போ வர்ற வண்டியிலே ரெண்டு லைன் இருக்கும். ஒண்ணு போனா ஒண்ணு காப்பாத்தும். இதிலே நாலுலே எந்த மூலையிலே சொட்டினாலும் நாலும் போயிடும். ஒண்ணைப் புதுசாக்கி மூணைப் பழசா விட்டா, அழுத்தம் பலவீனமான இடத்தைத் தேடிப் போய் உடைக்கும். அந்த ரப்பர் எல்லாம் ஒரே வயசு, ஒரே விஷத்தைக் குடிச்சது" என்றார்.

அதற்கு மேல் மைத்துனர் பேசவில்லை. நானும் யோசித்துப் பார்த்தேன். வீட்டில் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்த நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு ஜுரம் கண்டால், அதற்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டுக் கிணற்றை அப்படியே விட்டுவிடுகிறோமா?

பாகங்கள் தேடும் படலம் தொடங்கியது. வண்டி செய்தவர்கள் போய்விட்டார்கள். ஆனால் வண்டியைக் காப்பாற்றும் வித்தை சென்னையை விட்டுப் போகவில்லை. ஹெரால்டின் பிரேக் கேர்லிங் என்ற ஆங்கிலக் கம்பெனியின் முறையைச் சேர்ந்தது. அந்த முறையில் பிரேக் சாமான்களை இந்நாட்டிலேயே செய்வதற்காக 1962-ல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா கம்பெனி ஏற்பட்டது. இன்றும் அது பெரிய அளவில் இயங்கி வருகிறது. ஆனால் அறுபது வருஷத்து வண்டிக்கு உரிய உருளையை எந்தத் தொழிற்சாலையில்தான் எதிர்பார்க்க முடியும்? ஜி. பி. ரோடு கடைகளில் ஏறி இறங்கினோம். புதுப்பேட்டையில் பழைய சாமான் குவியல்களைக் கிளறினோம். பெட்டி பிரிக்காத ரப்பர்க் கிண்ணங்கள் சில அகப்பட்டன. எனக்கு உச்சி குளிர்ந்தது. பாய் அவற்றில் ஒன்றை எடுத்து இரண்டு விரலால் மடக்கினார். விளிம்பில் மயிரிழை போல வெடிப்புக் கண்டது. "பெட்டியிலே இருந்தாலும் ரப்பருக்கு வயசு ஏறும் சார்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இங்கிலாந்தில் பழைய டிரயம்ஃப் வண்டிகளைப் போற்றி வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்காக இன்றும் புதிய ரப்பர்க் கிண்ணங்கள் செய்து விற்கிறார்கள். அவற்றைத் தபாலில் வரவழைத்தோம். அந்நிய சாமானா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். உருளைகளை நாம் வரவழைக்கவில்லை. அவற்றைத் திருவொற்றியூர் லேத் பட்டறை ஒன்றிலேயே சரி செய்தோம். அதற்கு ஒரு முறை உண்டு. லேசான கீறலாயிருந்தால் உள்ளே மெருகு கல் ஓட்டித் தேய்த்தால் போதும். ஆழமான பள்ளமானால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் துவாரம் பெரிதாகி ரப்பர் பிடிக்காது. ஆகவே, உருளையை உள்ளே கடைந்து பெரிதாக்கி, துருப்பிடிக்காத எஃகினால் ஆன மெல்லிய குழல் ஒன்றை அதற்குள் இறுகச் செருகி, பழைய அளவுக்கே மறுபடி கடைகிறார்கள். வெளியே பார்த்தால் 1964-ம் வருஷத்து உருளை. உள்ளே இன்றைய எஃகு. லேத்தில் நின்ற இளைஞர் நூல் பிசகாமல் அளவெடுத்து அந்த வேலையைச் செய்ததைப் பார்த்தபோது, ஒரு தேசத்தின் தொழில் செல்வம் என்பது கட்டிடங்களில் இல்லை, கைகளில் இருக்கிறது என்று தோன்றியது.

சக்கரத்துக்குப் போகும் ரப்பர்க் குழாய்களையும் பாய் விடவில்லை. வெளியே அவை நன்றாகவே இருந்தன. ஒன்றை நறுக்கிக் காட்டினார். உட்சுவர் வீங்கி, ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. காலின் பலத்தில் திரவம் போய்விடும். திரும்பி வரத்தான் வழியில்லை. எஃகுக் குழாய்களில் துரு ஏறியவற்றைக் களைந்துவிட்டு, செம்பும் நிக்கலும் கலந்த புதுக் குழாய் வளைத்துப் போட்டோம். மற்றவற்றை ஸ்பிரிட் விட்டு, எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாமல் கழுவினோம். வெறும் செம்புக் குழாய் போடலாமே என்றேன். வண்டியின் அதிர்ச்சியில் செம்பு நாளடைவில் கடினமாகி விரிசல் விடும் என்றார் பாய்.

கிளச்சின் கதையும் இதுவேதான். அதன் மாஸ்டர் சிலிண்டரில் எஞ்சின் எண்ணெய் ஊற்றப்படவில்லை. ஆனால் கீழேயுள்ள ஸ்லேவ் சிலிண்டர் நான்கு நாள் வெள்ளத்தில் நின்றதால் தண்டு துருவோடு ஒட்டிக் கொண்டிருந்தது. அதை எட்டுவதற்கு வண்டிக்குள்ளிருந்து கியர்ப் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றினோம். அதன் அடியிலிருந்து ஒரு பிடி வெள்ளச் சேறும், எங்கள் தகப்பனாரின் பேனா மூடி ஒன்றும் கிடைத்தன. அம்மா அந்த மூடியை மட்டும் வாங்கிக் கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பூட்டுகிற வேலையில் பாய் காட்டிய ஆசாரத்தைச் சொல்ல வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே ரப்பரைத் தொட்டார். எங்கள் பூஜை அறையிலும் அவ்வளவு மடி கிடையாது. கிண்ணங்களைப் புதிய பிரேக் திரவத்தில் நனைத்து, விளிம்பு மடங்காமல், விரலாலேயே உள்ளே செலுத்தினார். திருப்புளியை அருகில் வரவிடவில்லை. வண்டியின் வர்ணத்தில் திரவம் சிந்தினால் வர்ணம் உரிந்துவிடும் என்று ஈரத் துணி ஒன்றை எப்போதும் தோளிலேயே வைத்திருந்தார். பின்சக்கரத்து உருளைகள் தட்டில் இறுகி நிற்கக் கூடாது, தாராளமாக நகர வேண்டும் என்று தடவித் தடவிப் பார்த்தார். நகராவிட்டால் ஒரு கட்டைதான் வேலை செய்யுமாம்.

கடைசியில் காற்று எடுக்கும் வேலை. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். குழாயில் ஒரு குமிழ் நின்றாலும் காலின் பலமெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே வீணாகும். ஆகவே, மாஸ்டர் சிலிண்டருக்கு வெகு தூரத்திலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி, வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், வலது முன்சக்கரம் என்று வரிசையாகக் காற்றை வெளியேற்ற வேண்டும். மிதிப்பதற்கு ஓர் ஆள் தேவை. பஸ்ஸிலேயே போவேன் என்று சொன்ன என் பெண் தானாகவே வந்து ஆசனத்தில் உட்கார்ந்தாள். "அமுக்கு கண்ணு... புடி... விடு" என்று பாய் சக்கரத்தின் அடியிலிருந்து குரல் கொடுப்பார். அவர் நிப்பிளைத் திறக்கும்போது கண்ணாடிப் புட்டியில் குமிழ்கள் சரம் சரமாக வரும். மாலைக்குள் குமிழ் நின்றது. மிதி பாதி தூரத்தில் கல் போல நின்றது. "தாத்தா, இப்போ இது தரைக்குப் போகாதே?" என்று அவள் கேட்டாள். "ஒரு நிமிஷம் பலமா அமுக்கிப் புடிச்சுப் பாரு, உனக்கே தெரியும்" என்றார். ஒரு நிமிஷம் என்ன, மூன்று நிமிஷம் பிடித்தாள். மிதி இறங்கவில்லை, எந்த மூட்டிலும் சொட்டில்லை.

ஐம்பது வருஷம் நிறைந்த, பெரிய மாறுதல் செய்யப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்துகொள்ள 2021-ல் மத்திய சர்க்கார் விதி செய்திருக்கிறது. உடலையும் சட்டத்தையும் எஞ்சினையும் பெரிதாக மாற்றக் கூடாது என்பது அதன் கருத்து. நல்ல விதிதான். ஆனால் பழமையைப் போற்றுகிறவர்கள் இதிலிருந்து ஒரு தவறான பொருள் கொள்ளக் கூடாது. வண்டியின் முகம் பழையதாக இருக்கலாம். ஹாரன் பழையதாக இருக்கலாம். ஆசனத்தின் கிழிசல்கூடப் பழையதாக இருக்கட்டும். பிரேக்கின் ரப்பர் மட்டும் பழையதாக இருக்கக் கூடாது. எது பழையதாக இருந்தால் அழகு, எது பழையதாக இருந்தால் ஆபத்து என்று பிரித்தறிவதுதான் பழமையைப் போற்றும் வழி. வண்டிக்கு மட்டுமல்ல, நம்முடைய வழக்கங்களுக்கும் இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. கிளைக்கால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. எங்கள் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 3 என்ற தரத்துத் திரவம் புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் குறையாத சூட்டில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். டாட் 4-க்கு இவை 230, 155. கொதித்தால் ஆவி, ஆவி என்றால் குழாயில் மறுபடியும் குமிழ்தான். உள்ளே துருப் பிடிப்பதற்கும் இந்த ஈரமே விதை. ஆகவே, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை திரவம் முழுவதையும் மாற்றிவிட வேண்டும். திறந்து வைத்த டப்பாவில் மிச்சமானதை ஆசைப்பட்டு எடுத்து வைக்கவும் கூடாது. பட்டறையில் விடும்போது "பிரேக் ஆயில் பாருங்கள்" என்று சொல்லாமல், டப்பாவின் மேல் உள்ள எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு சொல்லைத் திருத்திக் கொண்டால் ஓர் உயிர் தப்பக்கூடும்.

பாய் கூலி வாங்கிக் கொண்டு புறப்படும்போது, தம்முடைய சுண்ணாம்புக் கட்டியால் கொட்டகைச் சுவரில் அன்றைய தேதியை எழுதி, அதன் கீழே இரண்டு வருஷம் தள்ளி இன்னொரு தேதியையும் எழுதினார். வெள்ளம் விட்ட கறுப்புக் கோட்டுக்கு இரண்டு முழம் மேலே அது இருக்கிறது. மறு வெள்ளிக்கிழமை அம்மாவை அழைத்துக் கொண்டு திருவொற்றியூருக்குப் போனோம். கோயில் வாசலில் ஆட்டுக் குட்டி ஒன்று திடீரென்று குறுக்கே ஓடிற்று, வண்டி நின்றது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்ன, கோயில் வந்துடுத்தா?" என்று கேட்டாள்.